மேலே ஒரு கட்டில், கீழே ஒரு கட்டில்

சாந்தானா மலையூர்ப் பல்கலைக்கழகத்தில் அந்த வருடம் சேர்ந்த பிள்ளைகளில் இரண்டு கட்டில் கிடைத்தவள் ஜசியாரா ஒருத்திதான். மற்றவர்கள் ஒரு கட்டிலுக்கே அல்லாடிக்கொண்டிருந்தார்கள். அதனால் அவள் தன் குழப்பத்தை யாரிடம் சொன்னாலும், "உனக்கென்னடி, கொழுப்பு" என்றுதான் பதில் வந்தது.

முதல் கட்டில் மலை உச்சியில், வளாகத்துக்குள்ளேயே இருக்கும் விடுதியில். வீட்டு நிலைமையைப் பார்த்து இடம் கொடுப்பார்கள், வாடகை கிடையாது. ஜசியாராவின் அம்மா சுலெய்தி, வடக்கே ஜெகிட்டின்யோன்யா ஆற்றங்கரை ஊர் ஒன்றில் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்தாள். அப்பா தெற்கே கரும்பு வெட்டப் போனவர், போனவர்தான். ஆகவே இடம் கேட்டதும் கிடைத்தது. இரண்டு பேருக்கு ஒரு அறை. சன்னலைத் திறந்தால் யூகலிப்டஸ் மரங்கள். காலையில் மூடுபனி கேட்காமலே உள்ளே வந்து உட்காரும். வகுப்புக்கு எட்டி நடந்தால் போதும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஊசி விழுந்தால் கேட்கும்.

இரண்டாவது கட்டில் கீழே, ஊருக்குள். செங்குத்தான கல் பாவிய தெரு ஒன்றில் 'கோணல் ஓடு' என்று ஒரு பழைய வீடு. மாணவர்கள் கூடிக் குடித்தனம் நடத்தும் வீட்டுக்கு அந்த ஊரில் குடியரசு என்று பெயர். அப்படி ஊர் முழுக்கக் குடியரசுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு கொடி, ஒரு பழைய பகை. கோணல் ஓட்டில் எட்டுப் பெண்கள் இருந்தார்கள். சுவர் முழுக்க முன்னால் அங்கே வாழ்ந்து பட்டம் வாங்கிப் போனவர்களின் படங்கள். அக்டோபர் திருவிழாவுக்கு அவர்களும் பிள்ளை குட்டிகளோடு வந்து தரையில் படுத்துக்கொண்டு, "இது என் ரூமு" என்று உரிமை கொண்டாடுவார்களாம்.

இந்த இரண்டாவது கட்டில் வந்த கதை சின்னது. மார்ச் மாதம், மழையில் நனைந்த பெட்டியோடு ஜசியாரா பேருந்து நிலையத்தில் வந்து இறங்கியபோது விடுதி முடிவு இன்னும் வந்திருக்கவில்லை. இவள் சேர வந்த அதே மண்ணியல் துறையில் கடைசி வருடம் படிக்கிற ரோஸிமெய்ரி என்பவள் வேறு யாரையோ வழியனுப்ப வந்திருந்தாள். இவள் நாலு எட்டு போவதும் திரும்பி வருவதுமாக இருப்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள்.

"எங்க போகணும்?"

"தெரியல."

"தெரியலன்னா எங்க வீட்டுக்கு வா. எங்க வீட்டுல எல்லாருமே அப்படி வந்து சேந்தவளுங்கதான்."

அந்த வீட்டில் யாருக்கும் சொந்தப் பெயர் நிலைக்காது. ரோஸிமெய்ரி ராத்திரியெல்லாம் விழித்திருப்பதால் ஆந்தை. அவளுக்கு அடுத்த மூத்தவள் கெலன். குள்ளமாக, உருண்டையாக இருப்பதால் மூடி. முதல் நாள் மூடி இவளிடம், "காப்பில சர்க்கரை போடவா, வேணாமா?" என்று கேட்டாள். ஜசியாரா யோசித்தாள். ஊரில் அம்மா சர்க்கரை போட்டுத்தான் வடிப்பாள். ஆனால் இங்கே யாரும் போடுவதாகத் தெரியவில்லை. கேட்டால் வாங்கி வர ஆள் போகுமோ, வேண்டாமென்றால் பிடிக்கவில்லை என்று நினைப்பார்களோ. அவள் யோசித்து முடிப்பதற்குள் அடுப்பில் இருந்தது பொங்கி வழிந்துவிட்டது. அன்றைக்கே ஓர் அட்டையில் 'சந்தேகம்' என்று எழுதிக் கயிறு கட்டி அவள் கழுத்தில் மாட்டிவிட்டார்கள்.

புதிதாக வருகிறவள் வீட்டுக்குள் பெயரட்டையைக் கழற்றக் கூடாது, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் கட்டிலில் படுக்க வேண்டும். காப்பி போட வேண்டும், கதவு தட்டினால் திறக்க வேண்டும், விருந்து முடிந்தால் பாத்திரம் கழுவ வேண்டும். பருவம் முடியும்போது சமையலறையில் எல்லாரும் கூடிக் கை தூக்குவார்கள். ஒரே ஒரு கை எழாவிட்டாலும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எல்லாக் கையும் எழுந்துவிட்டால் சாகும்வரை அந்த வீட்டுப் பெண்.

அடுத்த வாரமே விடுதியிலும் இடம் கிடைத்துவிட்டது. ஜசியாரா ஒன்றை ஏற்று ஒன்றை மறுத்திருக்க வேண்டும். செய்யவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இரண்டிலும் இருந்தாள். காலை ஆய்வுக்கூட வகுப்பு இருக்கும் நாட்களில் மேலே படுத்தாள். கீழே பெரிய சமையல் என்றால் கீழே படுத்தாள். மேலே இருக்கும்போது குடை கீழே இருந்தது. கீழே இருக்கும்போது பாடப் புத்தகம் மேலே இருந்தது. பாறை உடைக்கிற சுத்தியல் மட்டும், எந்த இடத்தில் தேவையோ அந்த இடத்தில் ஒருநாளும் இருந்ததில்லை.

மே மாதத்தில் விடுதிப் பொறுப்பாளர் மர்லூசியா அம்மாள் அவளைக் கூப்பிட்டனுப்பினார். கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துண்டும், மேசைக்கு அடியில் ஒரு சூடேற்றியுமாக உட்கார்ந்திருந்தார்.

"உன் கட்டில் பாதி நாள் காலியா கெடக்குதாமே?"

"கொஞ்ச நாள்தான் மேடம்."

"கொஞ்சமோ நெறையவோ. இந்த மாசக் கடைசிக்குள்ள ஒரு முடிவு சொல்லிடு. இருக்கறதா, போறதா. போனா திரும்ப வர முடியாது, அத ஞாபகம் வச்சுக்க." அதோடு நிறுத்தியிருக்கலாம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். "போறதுன்னாலும் தப்பு ஒண்ணும் இல்ல."

அந்தக் கடைசி வாக்கியத்தை ஜசியாரா அறைக்குத் திரும்பும்வரை திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். தன்னைப் போகச் சொல்கிறாரா, இருக்கச் சொல்கிறாரா? போகச் சொல்வதாக இருந்தால் திரும்ப வர முடியாது என்று ஏன் பயமுறுத்த வேண்டும்?

அம்மாவுக்குச் சொன்னாள். அம்மா எழுத்து வேலை வைத்துக்கொள்வதில்லை. அலைபேசியில் பேசிப் பதிந்து அனுப்புவாள், அதுவும் பிரசங்கம் போல நீளமாக. முதல் பதிவு மத்தியானம் வந்தது. "பாரு பொண்ணே, இதுல யோசிக்கறதுக்கு என்ன இருக்கு? ஓசில கொடுக்கறான், பக்கத்துலயே வகுப்பு, காவலுக்கு ஆளு. அங்கயே இரு. அந்த வீட்டுல குடிக்கறாளுங்கன்னு கேள்விப்பட்டேன்." சாயங்காலம் இரண்டாவது பதிவு. பின்னணியில் பக்கத்து வீட்டு அம்மாளின் குரலும் கேட்டது. "நெல்சினா சொல்றா, அவ தம்பி மகன் அந்த மாதிரி வீட்டுல இருந்துதான் சுரங்கக் கம்பெனில வேலைக்குப் போனானாம். பழைய ஆளுங்க கைதூக்கி விடுவாங்களாம். அதனால அங்கயே போயிடேன். இல்ல, வேணாம். இரு, நான் ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்." ஜெபத்துக்குப் பிறகு பதிவு எதுவும் வரவில்லை.

ஆந்தையிடம் கேட்டதற்கு அவள் சிரித்தாள். "மேல இருக்கறது படுக்கறதுக்கு ஒரு இடம்டி. இது வீடு. வித்தியாசம் தெரியலயா?"

"தெரியுது."

"அப்புறம் என்ன?"

"அங்க தூக்கம் வருதுக்கா."

"தூக்கத்த வேலைக்குப் போய்த் தூங்கிக்கலாம்" என்றாள் ஆந்தை.

மீதி இருந்தது அறைத் தோழி நொயேமி. மருந்தியல் இரண்டாம் வருடம். தலைமுடியை இறுகப் பின்னி, வார்த்தையையும் அப்படியே இறுக்கி வைத்திருப்பவள். ஜசியாரா மேலே வரும்போதெல்லாம் இவள் கட்டில் விரிப்பு சுருக்கமில்லாமல் விரித்திருக்கும், போர்வை மடித்திருக்கும். ஒருமுறை தலையணைக்கு அடியில் பாதி தின்ற பிஸ்கட் ஒன்று கிடைத்தது. நொயேமி இங்கே உட்கார்ந்து படித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

"நான் போகட்டுமா, இருக்கட்டுமா நொயேமி?"

நொயேமி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை ஒரு கணம் நின்றது. "உன் இஷ்டம்" என்றாள். பிறகு, "அவசரமில்ல" என்றாள். பிறகு, "மாசக் கடைசின்னா இன்னும் கொஞ்ச நாள்தானே இருக்கு" என்றாள். மூன்றும் மூன்று திசையில் போனது.

ஒரு வியாழக்கிழமை, ஆற்றோரப் பாறைகளைப் பார்க்கக் கூட்டிப் போக வேண்டிய வண்டி மழையால் கிளம்பவில்லை. கீழே போகலாம் என்று பார்த்தால் பேருந்தும் இல்லை. ஜசியாரா நனைந்தபடி விடுதிக்கு ஓடிவந்து அறைக் கதவைத் திறந்தாள். அவள் கட்டிலில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

மூன்று வயது இருக்கும். சுருட்டை முடி, வாயில் கட்டை விரல். ஜசியாராவின் மண்ணியல் துறைச் சட்டை அதற்குக் கணுக்கால்வரை வந்தது. நொயேமி சன்னலோரம் நின்று உதட்டில் விரலை வைத்தாள். முகம் சுண்ணாம்பு போல இருந்தது.

"யாரு இது?"

"எம் பொண்ணு. மயீரா."

ஜசியாரா கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றாள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. நொயேமிக்கு ஒரு மகள் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

நொயேமி தாழ்ந்த குரலில் சொன்னாள். குழந்தையை அவள் அக்கா வளர்த்து வந்தாள். ஈஸ்டர் முடிந்ததும் அக்காவுக்குத் தலைநகரில் வீட்டோடு தங்கும் வேலை கிடைத்துப் போய்விட்டாள். தகப்பன் என்று சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. விடுதியில் சாதாரண அறைகளில் குழந்தை கூடாது. காலையில் ஊருக்குள் இருக்கிற நகராட்சி மழலையர் காப்பகத்தில் விடுகிறாள், மத்தியானம் கூட்டி வந்து இங்கே ஒளித்து வைக்கிறாள்.

"பக்கத்து ரூமுல?"

"தெரியும். தெரியாத மாதிரி இருக்காங்க."

"நான் இருக்கற நாள்ல எங்க தூங்குவா?"

"கீழ் மாடில, என் கூடப் படிக்கற ஜுசாரா ரூமுல. தூக்கத்துல அவ உதைக்கறான்னு இவ அழுவா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

நொயேமி கொஞ்சம் யோசித்தாள். "சொன்னா நீ ஒரு முடிவு எடுக்கணும். உனக்குத்தான் அது வராதே."

அதில் குத்தல் இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தாள். ஜசியாராவுக்குக் கோபம் வரவேண்டிய இடம்; வரவில்லை. அதற்குள் குழந்தை எழுந்து உட்கார்ந்து இவளைப் பார்த்தது.

"யாரு நீ?"

"ஜசியாரா. இது என் கட்டில்."

"இல்ல. என்னுது." குழந்தை யோசித்துவிட்டு ஆதாரம் சொன்னது. "நீ வர்றதே இல்லயே."

அன்றிரவு குழந்தையைக் கட்டிலிலேயே விட்டுவிட்டு ஜசியாரா தரையில் போர்வை விரித்துப் படுத்தாள். கூரையைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள். நான் போனால் என் இடத்துக்கு வேறொருத்தி வருவாள். அவள் எப்படிப்பட்டவளோ. முதல் நாளே மேலிடத்தில் போய்ச் சொல்வாள். நொயேமி படிப்பை விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். அப்படியென்றால் நான் இருக்க வேண்டும். அவ்வளவுதான், இதில் வேறு பேச்சே இல்லை. இத்தனை வருட வாழ்க்கையில் அவள் ஒரே மூச்சில் எடுத்த முதல் முடிவு அது. இறுக்கிக் கட்டின துணியை யாரோ அவிழ்த்துவிட்டது போல மார்பு லேசானது. முடிவு தன்னைப் பற்றியதாக இல்லாமல் போனதுதான் அந்த நிம்மதிக்குக் காரணம் என்று அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

சனிக்கிழமை கோணல் ஓட்டில் பெரிய பானையில் கறுப்பு அவரையும் பன்றி இறைச்சியும் வெந்துகொண்டிருந்தது. கீரை நறுக்குவது இவள் வேலை. நறுக்கி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"நான் மேலயே இருந்துக்கறேன்."

ஆந்தை கரண்டியைப் பானையின் விளிம்பில் வைத்தாள்.

"ஏன்?"

"சொல்ல முடியாதுக்கா."

"நாங்க ஏதாச்சும் பண்ணிட்டோமா?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

"பின்ன?"

நொயேமியின் விஷயம் நொயேமியுடையது. இத்தனை பேர் இருக்கும் அடுக்களையில் கொட்டினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாக் குடியரசுக்கும் தெரிந்துவிடும்.

"சந்தேகம்னு பேரு வச்சது தப்பு" என்றாள் மூடி, பானையைப் பார்த்தபடியே. "விலாங்குன்னு வச்சிருக்கணும். கையில நிக்கவே மாட்டேங்கறா."

யாரும் சிரிக்கவில்லை. ஆந்தை வந்து அவள் கழுத்திலிருந்த அட்டையைத் தானே கழற்றினாள். முடி சிக்காமல் மெதுவாகக் கழற்றினாள். அதுதான் ஜசியாராவுக்குத் தாங்க முடியவில்லை. "சாப்ட்டுட்டுப் போ" என்றாள் ஆந்தை. சாப்பிட்டாள். மாடிப்படிக்கு அடியில் இருந்த தன் துணிகளை ஓர் அரிசிச் சாக்கில் திணித்துக்கொண்டு பேருந்து ஏறினாள். கிளம்பும்போது ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரித்து அவள் கையில் திணித்தது யாரென்றுகூடக் கவனிக்கவில்லை.

மேலே அறையில் நொயேமி மகளுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். ஜசியாரா சாக்கைத் தொப்பென்று போட்டுவிட்டு, தேர்வில் தேறினவள் போலச் சொன்னாள்.

"நான் போகல. இங்கயே இருக்கப் போறேன். கீழ சொல்லிட்டு வந்துட்டேன். நீ இனிமே பயப்பட வேண்டியதில்ல."

நொயேமி நகவெட்டியைக் கட்டிலின்மேல் வைத்தாள். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். நன்றியில் அழுகிறாள் என்று நினைத்து ஜசியாரா பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டாள். நொயேமி தோளை உதறினாள்.

"உன்ன யாரு இருக்கச் சொன்னா? நான் கேட்டனா?"

"நான் போனா வேற எவளாச்சும் வருவாளே..."

"வர மாட்டா." நொயேமி கண்ணைத் துடைத்தாள். "மர்லூசியாவுக்குத் தெரியும். போன மாசமே தெரியும். பருவத்து நடுவுல ஒருத்தி போனா ஜூலை வரைக்கும் அந்தக் கட்டில்ல யாரையும் போட மாட்டாங்க. ஜூலைல குடும்பக்காரங்களுக்குன்னு இருக்கற ரெண்டு ரூமுல ஒண்ணு காலியாகுது. அதுவரைக்கும் கண்டுக்காம இருந்துக்கறேன்னு அவங்க ஜாடையா சொன்னாங்க. உன்னக் கூப்ட்டு முடிவு கேட்டது அதுக்குத்தான்."

ஜசியாரா சாக்கின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இத நீ என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்ல? எழுந்து போடி, என் பொண்ணுக்குக் கட்டில் வேணும்னா? எனக்கு எதுக்காக இடம் குடுத்தாங்களோ, உனக்கும் அதுக்காகத்தானே குடுத்தாங்க? உங்க அம்மாவும் அடுப்படில நின்னுதானே உன்னப் படிக்க வைக்கறாங்க?" நொயேமி போர்வையின் ஓரத்தை இழுத்து நேராக்கினாள். "நீயாப் போனா நல்லாருக்கும்னு தினம் நெனப்பேன். நெனச்சுட்டு உன் போர்வைய மடிச்சு வைப்பேன். வெக்கமா இருக்கும்."

மயீரா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வெட்டாத கையை நீட்டினாள். "இன்னும் இந்தக் கை இருக்கு" என்றாள்.

இரக்கப்பட்டு இருந்தது உபத்திரவமாக முடிந்தது. கீழே இருந்தவர்களையும் நோகடித்தாயிற்று. திங்கட்கிழமை விடிந்ததும் ஜசியாரா மர்லூசியா அம்மாளிடம் போய் நின்றாள்.

"மேடம், நொயேமியோட குழ..."

"நிறுத்து." அம்மாள் கையைக் காட்டினார். "எதையும் என்கிட்ட சொல்லாத. நீ சொன்னா எனக்குத் தெரிஞ்சு போயிடும். தெரிஞ்சா நான் ஏதாச்சும் செஞ்சாகணும்."

"உங்களுக்கு ஏற்கெனவே..."

"எனக்கு ஒண்ணும் தெரியாது. என்கிட்ட இருக்கறது கட்டில் கணக்கு மட்டும்தான். நடுவுல காலியானா ஜூலைல நெரப்புவேன். ஆளு இருந்தா இருக்கட்டும், அது அவ உரிமை. உன்ன நான் போகச் சொல்லல, பாத்துக்க. அப்படிச் சொன்னேன்னு வெளிய பேசாத." பிறகு அவரே குழம்பியவர் போல சூடேற்றியைக் காலால் தள்ளி வைத்தார். "இருக்கச் சொன்னேன்னும் பேசாத."

வெளியே வந்து நூலகப் படிகளில் உட்கார்ந்தாள். மூடுபனியில் எதிரே இருக்கிற கட்டடம்கூடத் தெரியவில்லை. இருந்தால் நொயேமிக்குக் கஷ்டம்; ஆகவே போக வேண்டும். ஆனால் போக இடம் இல்லை. ஆகவே இருக்க வேண்டும். கோணல் ஓட்டில் வேண்டாம் என்று போனவளை மறுபடி சேர்த்ததாகச் சரித்திரம் இல்லை. போய்க் குழந்தையின் கதையைச் சொன்னால் மனம் இளகுவார்கள். ஆனால் அது மயீராவைத் தூக்கிக் காட்டிப் பிச்சை எடுக்கிற மாதிரி. அதெல்லாம் போகட்டும், எனக்கு எங்கே இருக்கப் பிடிக்கிறது என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். வந்ததெல்லாம் அம்மாவின் குரல், ஆந்தையின் குரல், பக்கத்து வீட்டு நெல்சினாவின் குரல். தன் குரல் எது என்று பிரித்தெடுக்க முடியவில்லை.

வகுப்புக்குப் போகவில்லை. பேருந்துக்கும் நிற்காமல் மலைச் சாலையில் நடந்து இறங்கினாள். கோணல் ஓட்டுக் கதவைத் தட்டியபோது திறந்தது மூடி.

"யாரு வேணும்?"

"என்னத் தெரியலயாக்கா?"

"தெரியுது. யாரு வேணும்னு கேட்டேன்."

"எல்லாரும்."

மூடி அவளைக் கால்முதல் தலைவரை பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, "விலாங்கு வந்திருக்கு" என்று குரல் கொடுத்தாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். எட்டுப் பேரும் இருந்தார்கள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. ஆந்தை தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள். "இப்ப என்ன?"

"திரும்ப வரலாமான்னு கேக்க வந்தேன்."

"அங்க வெரட்டிட்டாங்களா?"

"இல்லக்கா. அங்க இருக்கலாம். என் இடம் இன்னும் இருக்கு."

"அப்ப ஏன் போன, ஏன் வர?"

ஜசியாரா பேச ஆரம்பித்தாள். எங்கே போய் முடியும் என்று தெரியாமலே பேசினாள். "போனதுக்குக் காரணம் என்னோடது இல்ல, அத என்கிட்ட கேக்காதீங்க. வர்றதுக்கு மட்டும் சொல்றேன். இங்க எனக்குத் தூக்கம் வர்றதில்ல. படிக்க முடியல. நீங்க பேசற சத்தத்துல தலைவலி வருது. மாடிப்படி ஏறும்போதெல்லாம் என் மூஞ்சில தூசி கொட்டுது. மேல அப்படி எதுவும் இல்ல. ஆனா மேல படுத்திருக்கும்போது, இப்ப கீழ எதுக்கோ சிரிச்சுட்டு இருப்பாங்க, எதுக்குன்னு நாளைக்கு யாரும் எனக்குச் சொல்ல மாட்டாங்கன்னு நெனச்சுக்கறேன். அப்ப அங்கயும் தூக்கம் வர மாட்டேங்குது."

"இதெல்லாம் ஒரு காரணமா?" என்றாள் மூடி.

"தெரியல."

"வெளிய நில்லு" என்றாள் ஆந்தை.

தெருவில் நின்றாள். சரிவில் ஒரு நாய் ஏறிப் போனது, யோசித்துத் திரும்பி வந்தது, அவள் காலடியில் படுத்துக்கொண்டது. உள்ளே குரல்கள் உயர்ந்து தாழ்ந்தன. மூடியின் குரல்தான் அதிகம் கேட்டது. வேண்டாமென்று சொல்லிவிட்டால் நல்லது என்று ஒரு கணம் தோன்றியது, பிரச்சினை தீர்ந்துவிடும். அடுத்த கணமே அப்படி நினைத்ததற்காகப் பயந்து போனாள்.

கடைசியில் ஆந்தை கதவைத் திறந்தாள். "வா. ஆனா எல்லாம் முதல்லேர்ந்து. இது வரைக்கும் கழுவின பாத்திரம் எதுவும் கணக்குல இல்ல. ஜூன்ல ஓட்டு கெடையாது, ஆகஸ்ட்லதான். அதே மாடிப்படி, அதே தூசி. சம்மதமா?"

ஜசியாரா யோசிக்க ஆரம்பித்தாள். ஆந்தை கண்ணை உருட்டியதும், "சம்மதம்" என்றாள்.

மறுநாள் பெட்டி கட்டும்போது நொயேமி அருகில் உட்கார்ந்து ஒவ்வொரு சட்டையாக மடித்துக் கொடுத்தாள். மண்ணியல் சட்டையை மட்டும் ஜசியாரா எடுத்துக்கொள்ளவில்லை. "அவளுக்கு இருக்கட்டும்" என்றாள். நொயேமி தலையை ஆட்டினாள். அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள், விடுகிறபோது, "எனக்காகப் போகலதானே?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் உனக்காக. கொஞ்சம் எனக்காக. எது எவ்வளவுன்னு கேக்காத, எனக்கே தெரியாது."

சிக்கல் மயீராவிடம்தான் இருந்தது. விடுதி வாசல்வரை தலையணையைக் கட்டிக்கொண்டு கூடவே வந்தவள், பெட்டி வெளியே போவதைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினாள்.

"நீ போவாத."

"நீதானே கட்டில் உன்னுதுன்னு சொன்ன?"

"கட்டிலும் வேணும். நீயும் வேணும்."

"ரெண்டும் எப்படிடி முடியும்?"

"கொஞ்சம் தள்ளிப் படுத்தா முடியும்" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள். யாராவது கேட்டுவிடப் போகிறார்கள் என்று நொயேமி அவளை வாரித் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். மேல்மாடிச் சன்னல் ஒன்று திறந்து உடனே சாத்திக்கொண்டது. ஜசியாரா பாதி வழியில் பெட்டியின்மேல் உட்கார்ந்தாள். எழுந்து மேலே நாலு எட்டு வைத்தாள். நின்றாள். கடைசியில் கீழே இறங்கிப் போனாள்.

ஜூலையில் குடும்ப அறை காலியானது, நொயேமிக்கே கிடைத்தது. மர்லூசியா அம்மாள் வந்து சாவியைக் கொடுத்து, "அடடே, உனக்கு ஒரு பொண்ணு இருக்காளா?" என்று கேட்டாராம். நொயேமி அதை வந்து சொன்னபோது கோணல் ஓட்டுச் சமையலறை முழுக்கச் சிரித்தது. அதற்குள் அந்த வீட்டில் எல்லாருக்கும் கதை தெரிந்திருந்தது, நொயேமியே சொல்லியிருந்தாள். தெரிந்த பிறகும் மூடி மட்டும் இளகியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஜசியாரா வடிக்கும் காப்பியைக் குடித்துவிட்டு ஒவ்வொரு நாளும் ஒரு குறை சொன்னாள்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கை தூக்கினார்கள். ஆந்தை முதலில் தூக்கினாள். பிறகு ஒவ்வொருத்தியாக. மூடியின் கை மேலே வந்தது, காதைச் சொறிந்தது, இறங்கியது. ஜசியாரா அடுப்போரம் ஒட்டிக்கொண்டு நின்றாள். இங்கே வந்தது சரிதானா என்று அன்று காலைகூட அவள் யோசித்திருந்தாள். ஈரம் கசிகிற கூரையைப் பார்த்துக்கொண்டு மேலே இருந்த அமைதியை நினைத்து ஏங்கியிருந்தாள். இப்போது அந்தக் குட்டைக் கை எழவில்லையே என்று அதைவிட்டுக் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

"எனக்கு இன்னும் இவ மேல நம்பிக்கை வரல" என்றாள் மூடி.

"எனக்கும் வரலக்கா" என்றாள் ஜசியாரா.

மூடி அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டுக்கொண்டே, ஏதோ கனமான சாமானை அலமாரியின் மேல்தட்டில் வைப்பவள் போல, கையைத் தூக்கினாள்.